கீழக்கரை பென்ஸ்: மூன்று லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டியில் பிய்ந்து வந்த ஸ்பிரிங் சீட்

வண்டி 2001-ல் பதிவான மெர்சிடிஸ் பென்ஸ் ஈ 220 சிடிஐ. டபிள்யூ 210 தலைமுறை. மீட்டரில் 3,40,000 கிலோமீட்டருக்கு மேல். மண்டபத்திலிருந்து ராமநாதபுரம் வரும் வழியில், உச்சிப்புளி தாண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதும் முன்பக்க இடது மூலையில் டமார் என்று ஒரு சத்தம். அந்தப் பக்கம் மூக்கு அப்படியே உட்கார்ந்துவிட்டது. டயர் மட்கார்டில் உரசி, வண்டி நகராமல் நின்றது. வேகம் குறைவு என்பதால் யாருக்கும் அடி இல்லை. ரெக்கவரி வண்டியில் ஏற்றி எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தார்கள்.

ஸ்பிரிங் உடைந்திருக்கும் என்றுதான் கூட வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் ஸ்பிரிங்கில் ஒரு கீறல்கூட இல்லை. ஸ்பிரிங்கின் மேல் முனை போய் உட்காருகிற கிண்ணம், அதாவது ஸ்பிரிங் சீட், பாடித் தகட்டிலிருந்து முழுசாகப் பிய்ந்து வந்திருந்தது. எஞ்சின், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் எதிலும் பெரிய குறை இல்லை. ஒன்றரை டன் எடையுள்ள வண்டியின் ஒரு மூலையைத் தாங்கி நின்ற வெல்டிங் துருவாகி உதிர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

தொண்டி, தேவிபட்டினத்திலிருந்து கீழக்கரை, ஏர்வாடி, ராமேஸ்வரம் வரைக்கும் இந்தக் கடற்கரையில் பழைய சொகுசு கார்கள் நிறைய ஓடுகின்றன. வெளிநாட்டில் சம்பாதித்து வந்தவர்கள் ஆசைப்பட்டு வாங்கியவை, சென்னையில் யாரோ ஓட்டிவிட்டுக் குறைந்த விலைக்குக் கொடுத்தவை. வாங்க வருகிறவர்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு, எஞ்சின் எப்படி இருக்கு என்பதுதான். அடிப்பக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்பவர் அபூர்வம். நம் கரையில் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான் என்பதற்கு இந்த வண்டியை விடத் தெளிவான சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் முழுசாக எழுதுகிறேன்.

வண்டியின் வரலாறு

உரிமையாளர் கீழக்கரைக்காரர், வியாபாரி. வண்டியைச் சென்னையில் இரண்டாம் கையாக வாங்கியது அவருடைய தகப்பனார். அவர் காலமான பிறகு வண்டி ஊருக்கு வந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. வீடு கடலிலிருந்து சில தெரு தள்ளி. வண்டி நிற்பது வெட்டவெளியில், துணி உறை போட்டு. மதுரை விமான நிலையத்துக்குப் போய் வருவது, விருந்தாளி வந்தால் ராமேஸ்வரம், அங்கிருந்து தனுஷ்கோடி தாண்டிக் கடல் முனையான அரிச்சல்முனை. இதுதான் அதன் ஓட்டம்.

எஞ்சின் சர்வீஸ் பில்களை ஒரு கோப்பில் அடுக்கி வைத்திருந்தார். ஆயில், ஃபில்டர் எல்லாம் காலத்துக்கு மாற்றியிருக்கிறார். தோல் சீட் புதுசு, பாலிஷ் போட்ட அலாய் வீல், உள்ளே பெரிய திரை. மேலிருந்து பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடிப்பக்கத்துக்குச் செலவழித்ததாக அந்தக் கோப்பில் ஒரே ஒரு பில் இருந்தது: சில வருடங்களுக்கு முன் ஓர் இடத்தில் அடித்த கறுப்புத் தார் பூச்சு. அந்தப் பூச்சைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

உடைவதற்குச் சில மாதம் முன்பே வண்டி சொல்ல ஆரம்பித்துவிட்டது. ஸ்டீயரிங்கை நின்ற இடத்தில் ஒடித்தால் ஒரு முனகல். பள்ளத்தில் இறங்கினால் மந்தமாக ஒரு தட்டல். வேறொரு பட்டறையில் காட்டியிருக்கிறார். லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், ஸ்டெபிலைசர் லிங்க் எல்லாம் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். சத்தம் கொஞ்சம் குறைந்து, திரும்ப வந்திருக்கிறது. கழற்றிய புஷ்கள் டிக்கியில் கிடந்தன. அவை தேய்ந்தவைதான், மாற்றியது வீணில்லை. ஆனால் அதே வேலைக்காகச் சக்கரத்தைக் கழற்றியபோது கையை மேலே விட்டு அந்தக் கிண்ணத்தின் ஓரத்தைத் தடவிப் பார்த்திருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும். இடது முன்பக்கம் ஒரு விரல்கடை தாழ்ந்து நின்றது என்று டிரைவர் இப்போது சொல்கிறார். இரண்டு முன் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை நாடாவால் அளந்து பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

சக்கரத்தைக் கழற்றிய பிறகு

இந்த மாடலில் முன் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் தனித்தனி. ஸ்பிரிங்கின் கீழ் முனை லோயர் ஆர்மில் உட்காரும், மேல் முனை ஸ்பிரிங் சீட்டில். அந்தச் சீட் உள் மட்கார்டுத் தகட்டில் புள்ளி புள்ளியாக வெல்டிங் செய்யப்பட்டு, சுற்றிலும் சீலன்ட் பூசி மூடப்பட்டிருக்கும். சீலன்ட் காய்ந்து ஒரு மயிரிழை விலகினாலும் போதும், தண்ணீர் உள்ளே போய்விடும். போன தண்ணீருக்கு வெளியே வர வழி கிடையாது. 1995 முதல் 2002 வரை வந்த இந்தத் தலைமுறை செடான்களில் இது உலகம் முழுக்கத் தெரிந்த பலவீனம்தான். பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவுகிற ஐரோப்பிய நாடுகளில் இதே இடம் இதே மாதிரி பிய்ந்திருக்கிறது. நம் ஊரில் யாரும் உப்புத் தூவ வேண்டியதில்லை, காற்றே கொண்டுவந்து போட்டுவிடுகிறது.

பிய்ந்த விளிம்பைப் பார்த்தபோது மூன்று நிறம் தெரிந்தது. பெரும்பகுதி கறுத்துப்போன பழைய துரு, அடுக்கடுக்காக உரிகிறது. அதை ஒட்டி ஒரு பட்டை செம்பழுப்பு, அது சில மாதத்தில் வந்தது. பளபளவென்று புதிதாக முறிந்த இரும்பு கடைசியில் ஓர் ஓரத்தில் மட்டும். அதாவது வேகத்தடைக்கு வந்தபோது சீட்டைப் பிடித்திருந்தது அந்தச் சின்ன ஓரம் மட்டும்தான். வேகத்தடையைக் குற்றம் சொல்வதில் அர்த்தமில்லை. மதுரை சாலையில் நூறில் போகும்போது விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரிடம் நான் விவரிக்கவில்லை. அவரே கையை வைத்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் நின்றார்.

வலது பக்கம் பார்த்தோம். சீலன்ட் ஒழுங்காக இருப்பதுபோல்தான் தெரிந்தது. சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் ‘டங்’ என்பது ‘டொக்’ என்று மாறியது. ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினேன், உள்ளே இறங்கிவிட்டது.

இதைத் தவிர: பின் ஆக்சில் மேலே போகும் இரண்டு பிரேக் பைப்பில் துருக் கொப்புளம். இடது ஜாக்கி பாயின்ட் நசுங்குகிற பதத்தில். கதவுகளின் அடி விளிம்பில் உள்ள வடிகால் துளைகள் மண்ணும் மெழுகும் அடைத்து மூடியிருந்தன. பாடியோடு எர்த் ஒயர் சேரும் இடங்களில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. ஏபிஎஸ் விளக்கு அவ்வப்போது எரிவதாகச் சொல்லியிருந்தார். ஸ்கேனர் முன் இடது சென்சாரைக் காட்டியது. அந்தச் சென்சார் உட்காரும் துளையைத் துரு தள்ளியிருந்தது.

உப்பு எப்படி உள்ளே போனது

இதை நிதானமாகச் சொல்ல வேண்டும். ‘கடல் காத்து, துருப் பிடிக்கத்தான் செய்யும்’ என்று நாம் எளிதாக விட்டுவிடுகிறோம். எல்லாத் துருவும் கடல் காற்றால் மட்டும் வருவதில்லை. பாதியை நாமே காசு கொடுத்து ஏற்றுகிறோம்.

முதலில் காற்று. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீர் கோத்துக் கரையும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் சேர்ந்திருக்கிறது. அதற்குச் சுமார் 33 சதவீதமே போதும். பாம்பன், மண்டபம், கீழக்கரைக் காற்று அதற்குக் கீழே காய்வது மிக அரிது. ஆகவே வண்டியின் அடியில் படிந்த உப்பு மழை பெய்யாத மாதத்திலும் ஈரமாகவே இருக்கும். மழை வந்தால்தான் துரு என்பது நம் ஊருக்குப் பொருந்தாது. மழை உண்மையில் உப்பைக் கழுவிக்கொண்டு போகிறது, மழை படாத உள் மடிப்புகளில்தான் அது தங்குகிறது. பிய்ந்தது மழை படும் கூரை இல்லை, மட்கார்டுக்குள் மறைந்திருந்த மடிப்பு என்பதைக் கவனியுங்கள்.

இந்தப் பக்கத்தின் உப்பரிப்பு எவ்வளவு கடுமையானது என்பது பொறியாளர்களுக்குப் புதிதல்ல. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரி, மண்டபத்தில் ஒரு கிளை வைத்து, உலோகங்கள் கடல் காற்றில் எப்படி அரிக்கின்றன என்று ஆராய்ந்து வந்திருக்கிறது. 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் நூறு வருடத்துக்கு மேல் நின்றதற்குக் காரணம், பெயின்ட் அடிப்பதையும் பழுதான இரும்பை மாற்றுவதையும் நிறுத்தாமல் செய்துகொண்டே இருந்ததுதான். அப்படியும் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்கு உள்ளே துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, வெளியே பாலிசைலாக்ஸேன் பூச்சு என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். தொழிற்சாலையில் அடித்த பெயின்ட்டோடும் சீலன்ட்டோடும் வந்த ஒரு கார், இதே காற்றில் பத்து வருடம் யாரும் அடியில் எட்டிப் பார்க்காமல் நின்றால் வேறு எப்படி இருக்கும்?

இரண்டாவது தண்ணீர். இதுதான் நாமே ஏற்றிக்கொள்வது. நம் மாவட்டத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. வீட்டில் நல்ல தண்ணி வேறு, உப்புத் தண்ணி வேறு என்று பிரித்துத்தான் புழங்குகிறோம். நல்ல தண்ணியைக் குடம் கணக்கில் வாங்குகிற தெருவில் காரை அதில் கழுவ மனசு வராது, அது நியாயம்தான். அதனால் வாட்டர் சர்வீஸுக்கு விடுகிறார்கள். அங்கே மோட்டார் இறைப்பது அதே போர் தண்ணீரை. அதைப் பிரஷரில் அடித்து, கடல் காற்றால் எட்ட முடியாத மடிப்புக்குள்ளும் உப்பை ஏற்றிவிடுகிறோம். பிரஷர் அதிகமானால் காய்ந்த சீலன்ட்டின் விளிம்பும் தூக்கிக்கொள்ளும். இந்த வண்டி மாதம் தவறாமல் வாட்டர் சர்வீஸ் போன வண்டி.

மூன்றாவது அந்தத் தார் பூச்சு. ஏற்கனவே உப்பும் ஈரமும் துருவும் இருந்த இடத்தின் மேல், சுரண்டாமல், நல்ல தண்ணியில் அலசாமல், காய வைக்காமல் அடித்திருக்கிறார்கள். மேலே பார்க்கக் கறுப்பாக, உறுதியாக, அழகாக இருக்கிறது. கத்தியால் கீறினால் தோலாக உரிந்து வருகிறது, உள்பக்கம் செந்நிறத் தூள். துரு இரும்பை விட அதிக இடம் கேட்கும். மூடிய இடுக்கில் அது வளரும்போது இரண்டு தகட்டையும் நெம்பிப் பிரிக்கிறது. புள்ளி வெல்டிங்குகள் ஒவ்வொன்றாக விட்டன. பூச்சு இல்லாமல் இருந்திருந்தால் துரு கண்ணுக்காவது தெரிந்திருக்கும்.

வேஸ்ட் ஆயிலை அடியில் பீய்ச்சுகிற பழக்கமும் இங்கே உண்டு. அது கொஞ்சம் துருவைத் தடுக்கலாம், ஆனால் ரப்பர் புஷ், ஹோஸ் எல்லாவற்றையும் ஊற வைத்துக் கெடுக்கும். சொகுசு வண்டியின் சொகுசே அந்த ரப்பர்களில்தான் இருக்கிறது. வேண்டாம்.

சரி செய்தது

வெல்டிங்குக்கு மண்டபத்திலிருந்து ஒருவரை வரவழைத்தேன். விசைப்படகு வேலை செய்து பழகிய கை. சீட் பிய்ந்த இடத்தைப் பார்த்ததும் அவர் சொன்னது: “அண்ணே, தண்ணிக்குள்ள முங்கிக் கிடக்குற இரும்பு கூட நாள் தாங்கும். நனைஞ்சு காஞ்சு, நனைஞ்சு காஞ்சு கிடக்குது பாருங்க, அந்த இரும்புதான் மொதல்ல போகும்.” கடல் கட்டுமானப் புத்தகங்களில் அலை தெறிக்கும் பகுதி என்று பிரித்துச் சொல்வதும் இதையேதான். காரின் மட்கார்டு உள்பக்கம் அப்படிப்பட்ட இடம்.

ஸ்பிரிங்கைக் கழற்றுவது ஆபத்தான வேலை. இந்த மாடலுக்கு ஸ்பிரிங்கின் நடுவே விட்டு இறுக்குகிற தனி கம்ப்ரெஸர் வேண்டும். வெளியே கொக்கி போடும் சாதாரணக் கருவியால் செய்யப் போய்க் கையை இழக்கக் கூடாது. கருவி மதுரையிலிருந்து வரும் வரை வண்டியைத் தொடவில்லை.

பேட்டரி கம்பியைக் கழற்றி, பக்கத்தில் இருந்த கன்ட்ரோல் யூனிட் பிளக்குகளையும் எடுத்துவிட்டு, தகட்டை நல்ல இரும்பு தெரியும் வரை அரைத்தோம். இடது பக்கம் உள் மட்கார்டிலேயே உள்ளங்கை அகலத்துக்கு வெட்டியெடுத்து, அதே கனத்தில் புதுத் தகடு வைக்க வேண்டியிருந்தது. புது சீட் பார்ட்ஸாகவே கிடைக்கிறது, விலையும் பயப்படும்படி இல்லை. கூலிதான் பெரிது. உட்காரும் இடம் சில மில்லிமீட்டர் தவறினாலும் வண்டி ஒரு பக்கம் சாயும், அலைன்மென்ட் நிற்காது. வலது பக்கத்தைப் பிரிப்பதற்கு முன்பே அதன் அளவுகளை எடுத்துவைத்து, அதையொட்டி இடதைப் பொருத்தினோம். இடது முடிந்த பிறகுதான் வலதைப் பிரித்தோம்.

சிஓ2 வெல்டிங் மட்டும். கேஸ் வெல்டிங் சுற்றியுள்ள தகட்டையெல்லாம் சூடாக்கி நெளிக்கும். ராடு போட்டு அடிக்கிற ஆர்க் வெல்டிங் மெல்லிய தகட்டில் ஓட்டை போடும். சீட்டின் விளிம்பில் துளைகள் போட்டு, அந்தத் துளை வழியாக நிரப்பி வெல்டிங், பிறகு ஓரத்தில் இடைவெளி விட்டு விட்டு வெல்டிங் ஓட்டம். மூடிப்போகிற முகங்களில் முன்பே துத்தநாக பிரைமர். ஆறிய பிறகு நல்ல தண்ணியில் அலசி, சூட்டுக் காற்றடித்து நன்றாகக் காய வைத்து, எபாக்ஸி பிரைமர், சீலன்ட், மேல் பெயின்ட். வெல்டிங்கின் மறுபக்கம் பெயின்ட் கருகியிருக்கும், அதைப் பலரும் மறந்துவிடுவார்கள். அங்கே ஊர்ந்து பரவுகிற மெழுகு வகைப் பூச்சு அடித்தோம். மெழுகு காய்ந்து தோலாகாது, இடுக்குக்குள் தானே நகரும், தேவைப்பட்டால் துடைத்துவிட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவும் முடியும்.

பிரேக் பைப்பைச் செம்பும் நிக்கலும் கலந்த குழாயில் மாற்றினோம். கப்பல்களில் கடல் தண்ணீர் ஓடுகிற குழாய்க்குப் பயன்படும் உலோகம் அது. வால்வோ நிறுவனம் 1970-களிலேயே அதைக் கார் பிரேக்குக்குக் கொண்டுவந்துவிட்டது. எர்த் இடங்களை ஒவ்வொன்றாகச் சுரண்டி இறுக்கி கிரீஸ் வைத்ததும், பல மாதமாக அவரைப் படுத்திய சில மின்சாரக் கோளாறுகள் காணாமல் போயின. இவ்வளவு வேலையில் மிக மலிவானது அதுதான்.

எஞ்சின் பற்றி

சொல்ல அதிகமில்லை. 2.2 லிட்டர் டீசல், டைமிங் செயின் உள்ள எஞ்சின், நன்றாக இருக்கிறது. ஓர் இன்ஜக்டரைச் சுற்றித் தார் போலக் கறுப்பு படிந்திருந்தது. அடியில் உள்ள செம்பு வாஷர் வழியாகப் புகை கசிந்தால் இப்படி ஆகும். வாஷரோடு அதை இறுக்கும் போல்ட்டையும் புதுசாகப் போட வேண்டும், அது ஒருமுறை நீண்டால் திரும்பப் பயன்படுத்தக் கூடாத வகை. ஐந்து கியர் ஆட்டோமேட்டிக்கில் ஒயர் நுழையும் சாக்கெட்டின் ரப்பர் வளையம் கசிந்து, ஆயில் ஒயர் வழியாகவே மேலேறத் தொடங்கியிருந்தது. கன்ட்ரோல் யூனிட்டை எட்டும் முன் மாற்றிவிட்டோம். இந்த கியர்பாக்ஸுக்கு ஆயில் மாற்றவே வேண்டாம் என்று ஒருகாலத்தில் சொன்னதை நம்பி நிறைய பேர் இன்னும் மாற்றுவதில்லை. மாற்றுங்கள்.

ரேடியேட்டரில் மட்டும் எனக்கு வருத்தம். வழியில் எங்கோ போர் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். இந்த எஞ்சினின் ஹெட் அலுமினியம், குளோரைடு அதைக் குழி குழியாக அரிக்கும். முழுசாக அலசி, டிஸ்டில்டு வாட்டரில் கூலண்ட் கலந்து ஊற்றினோம். டிக்கியில் எப்போதும் கலந்த கூலண்ட் ஒரு கேன் இருக்கட்டும் என்று டிரைவரிடம் சொல்லியிருக்கிறேன்.

போடுவதா, விடுவதா

வேலை தொடங்கும் முன் நான் அவரிடம் வெளிப்படையாகப் பேசினேன். “பாய், இந்த வண்டிய வித்தா கிடைக்கிற காசுல பெரும்பகுதி இதுக்கே போயிரும். யோசிச்சுச் சொல்லுங்க” என்றேன். அவர், “தம்பி, இது எங்க வாப்பா ஆசையா வாங்குனது. நான் விக்கிறதுக்குக் கேக்கல. எம் புள்ளைகள நம்பி ஏத்தலாமா, அத மட்டும் சொல்லு” என்றார்.

அந்தக் கேள்விதான் சரியான கேள்வி என்று நினைக்கிறேன். பழைய சொகுசு காரை விற்பனை விலையோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட்டால் எந்த வேலையும் கட்டுப்படியாகாது. இன்ஷூரன்ஸும் உதவாது, தேய்மானத்துக்கும் துருவுக்கும் பாலிசியில் இடமில்லை. கணக்குப் போட வேண்டியது இன்னும் எத்தனை வருடம் பாதுகாப்பாக ஓடும் என்பதை வைத்துத்தான். அடியில் நீளவாக்கில் ஓடும் சேஸிஸ் ரயில், கதவுக்குக் கீழே ஓடும் ‘சில்’ இரண்டும் தட்டிப் பார்த்ததில் கெட்டியாக இருந்தன. அதனால்தான் போடலாம் என்றேன். அவையும் போயிருந்தால் வாப்பா வண்டி என்றாலும் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

இப்படி ஒரு வண்டி வாங்க நினைப்பவர்களுக்கும் அதையே சொல்கிறேன். ஐந்து லட்சம் கிலோமீட்டர் ஓடிய கோயம்புத்தூர் வண்டியை, ஒரு லட்சம் ஓடிய கடற்கரை வண்டிக்கு முன்னால் நான் எடுப்பேன். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இறக்கி ஏற்றலாம், பாடிக்கு மாற்று இல்லை. பழைய பார்ட்ஸுக்குப் புதுப்பேட்டை போகிறவர்களும் கவனம்: சென்னையும் கடற்கரைதான். அங்கிருந்து வரும் சப்ஃபிரேமையும், அதாவது சஸ்பென்ஷனைத் தாங்கும் அடிச்சட்டத்தையும், சுத்தியலால் தட்டாமல் வாங்காதீர்கள்.

கழுவுவதற்கு ஒரு வழி செய்துகொண்டார். வீட்டு மாடியில் மழைத் தண்ணீர் பிடிக்கிற தொட்டியிலிருந்து ஒரு குழாயைக் கீழே இறக்கியிருக்கிறார். அரிச்சல்முனை போய்வந்த அன்றே, பிரஷர் இல்லாமல், மட்கார்டு உள்ளேயும் அடியிலும் நிறையத் தண்ணீர் விட்டு அலசுகிறார்கள். துணி உறையை எடுத்தாயிற்று, அது ஈரத்தையும் உப்பையும் சேர்த்தே பிடித்து வைத்திருந்தது. இப்போது காற்றோட்டமான ஒரு தகரக் கொட்டகை, வாய் கடலைப் பார்க்காமல்.

வாடைக்காற்றுக் காலம் ஒன்று முடிந்த பிறகு சக்கரங்களைக் கழற்றி மறுபடி பார்த்தேன். இரண்டு சீட்டின் ஓரமும் சுத்தம். உயரம் இரண்டு பக்கமும் ஒன்றே. இடது பின்கதவின் அடியில் புதிதாக ஒரு கொப்புளம், அது வெளித்தகடு, அவசரமில்லை. பின் சப்ஃபிரேமின் மேல்பக்கம் மட்டும் இன்னும் பார்க்கப்படவில்லை, அதை இறக்கினால்தான் தெரியும். 2001 வண்டி என்பதால் 2026-ல் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். இருபது வருடம் தாண்டிய காருக்கு அந்தக் கட்டணம் 2025 ஆகஸ்ட்டில் 10,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. ஆர்.டி.ஓ. சோதனையில் விளக்கு, ஹாரன், பிரேக், புகை எல்லாம் பார்ப்பார்கள், சப்ஃபிரேமின் மேல்பக்கத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். அந்தப் பணம் கட்டுவதற்கு முன் அதை இறக்கிப் பார்த்துவிடலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.